குளிர்பெட்டி நின்ற பிறகு

பழைய தீயணைப்பு வண்டிக் கொட்டகை.
நவம்பர். நாலு மணிக்கே இருட்டிவிட்டது தீவில்.
பதினோரு நாற்காலி போட்டிருந்தார்கள்.
வந்தது ஒன்பது பேர், ஒரு நாய்.

ஹெல்துர் உடனே வாசிக்கத் தொடங்கவில்லை.
கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டு
மூலையிலிருந்த குளிர்பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.
அதற்குள் பால், வினிகரில் ஊறும் மத்தி,
யாருடைய நாய்க்கோ வாங்கிய தடுப்பூசி.
அது முனகிய முனகலுக்கு
ஆறாம் தந்தியைக் கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கினான்.
சுருதிப்பெட்டி கிடைத்துவிட்ட முகம்.

"என்ன வாசிக்கப் போகிறாய்?" விர்வெ கேட்டாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், சுற்றி வளைக்க மாட்டாள்.
"தெரியாது. தெரிந்துவிட்டால் நிறுத்திவிடுவேன்."

முதல் ஒலி எப்போது வந்ததென்று சொல்ல முடியாது.
விரல் படும் சத்தம் வேண்டாமென்று
வால்யூம் குமிழைத் திருகி
ஒவ்வொரு ஒலிக்கும் நுனியைக் கிள்ளிவிடுவான்.
படகு கிளம்பிவிட்டதை
கரை நகர்வதை வைத்துத்தான் அறிவோமே,
அப்படி.

கவனித்துக் கேட்பது எனக்கு வராது.
நாளைக்கு யார் ஷிப்ட், எண்ணெய் வடிகட்டி,
தங்கைக்குத் தரவேண்டிய நாற்பது யூரோ.
திரும்பி வந்தால் அதே மூன்று சுரங்கள்.
இல்லை, அதே மூன்று இல்லை.
ஒன்று தேய்ந்திருக்கிறது.
எப்போது?
நான் நாற்பது யூரோவில் இருந்தபோது.

லேலோ காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.
ஒரு வரிசை முடிந்ததும்
ஊசிகளை மடியில் வைத்துவிட்டாள்,
யாரும் சொல்லாமல்.

இருபத்துச் சொச்சம் நிமிடத்தில்
குளிர்பெட்டி ஓர் உதறலோடு நின்றது.

ஹெல்துர் கையெடுத்தான்.
பெடலுக்குள் மிச்சமிருந்தது மட்டும்
சுற்றிச் சுற்றி இளைத்துப் போனது.
இவ்வளவு நேரம் எதன்மேல் உட்கார்ந்திருந்தோம் என்று
எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரிந்தது.
நாயும் தலையைத் தூக்கியது.

மற்றவர்கள் அமைதியைக் கேட்டார்கள்.
நான் என் காதைக் கேட்டேன்.

ஹெல்தெர்மா படகின் எஞ்சின் அறையில் பத்தொன்பது வருடம்.
வலக்காதுக்குள் யாரோ ஒரு கம்பியை
இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.
கவனிக்காமல் இருக்கப் பழகுங்கள் என்றார் டாக்டர்.
பழகியிருந்தேன்.
இந்த ஆள் கெடுத்தான்.

"உங்களுக்குக் கேட்கிறதா?" உளறிவிட்டேன்.
"எது?"
"இது." உதட்டைக் குவித்துக் காட்டினேன்,
கொதிக்கப் போகும் கெண்டியின் விசில்.
யாரோ சிரித்தார்கள். ஹெல்துர் சிரிக்கவில்லை.
"இன்னொரு தரம்."

அவ்வளவு உயரம் கிட்டாருக்கு எட்டாது.
ஒரு ஸ்தாயி கீழே நின்று
முதல் தந்தியை நகத்தால் தொட்டுத் தொட்டுத் தேடினான்.
இன்னும் மேலே, என்றேன்.
கொஞ்சம். அய்யோ, தாண்டிவிட்டாய்.
அங்கே.

பிறகு அவன் வாசித்ததை
மற்ற எட்டுப் பேரும் ஒரு கிட்டாராகக் கேட்டார்கள்.
அவன் விட்டுவிட்டு நிறுத்திய இடங்கள்
அவர்களுக்கு வெறும் இடைவெளி.
அங்கெல்லாம்
நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் போனதோ.
குளிர்பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியதும்
அவன் வாக்குத் தவறாமல் நிறுத்தினான்.
விர்வெ மத்தியை வெளியே எடுத்து ரொட்டி நறுக்கினாள்.
"நன்றாகத்தான் இருந்தது,
நடுவில்தான் ரொம்ப ஓய்வெடுத்துவிட்டான்" என்றாள்.
நான் வாயில் மீனோடு தலையாட்டினேன்.

ஆறரைக்கு முதல் படகு.
காதடைப்பானை மாட்டுமுன்
எஞ்சின் அறைப் படியில் ஒரு நிமிடம் நின்று
வலக்காதைக் கேட்டேன்:
நேற்றைய சுருதிதானா?

கொஞ்சம் தள்ளியிருந்தது.